பழைய கம்ப்யூட்டருக்கு 5,000 ரூபாய்: முதலில் ப்ராசஸரா, ராமா?

உங்கள் மெஷினில் இருப்பது ஐ3 2120 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம் (மெமரி), பழைய ஹார்டு டிஸ்க். உங்களுக்கு டேலி கணக்கு மென்பொருள், பையனுக்கு காலேஜ் ப்ராஜெக்ட். 5,000 ரூபாய்க்குள் ப்ராசஸரையும் ராமையும் மாற்றினால் வேகமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகும். ஆனால் ப்ராசஸரில் ஆரம்பிக்காதீர்கள். நான் அதில்தான் ஆரம்பித்தேன்.

வில்லிவாக்கத்தில் என் வீட்டில் இருப்பதும் ஏறக்குறைய உங்கள் மெஷின்தான். 2012இல் அசெம்பிள் செய்தது, அதே ஐ3, அதே எச்61. 2023 மே மாதம் அது ஒரு எக்செல் ஃபைலைத் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய் பழைய ஐ5 3470 ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். இரண்டு கோருக்குப் பதில் நாலு கோர், போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடமும் அதே 1155 சாக்கெட், அழகாக உட்கார்ந்தது. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கடைக்காரர் அதைத் திறக்கக்கூட இல்லை. "பயாஸ் அப்டேட் பண்ணீங்களா சார்?" என்றார். போகவர ஆட்டோ காசு மட்டும் ப்ராசஸர் விலையில் கால் பங்கு.

விஷயம் இதுதான். எச்61 போர்டு 2011இல் இரண்டாம் தலைமுறை ப்ராசஸருக்காக வந்தது. 3470 அடுத்த வருடம் வந்த மூன்றாம் தலைமுறை. சாக்கெட் ஒன்றுதான், ஆனால் பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழசாக இருந்தால் போர்டுக்கு அதை அடையாளம் தெரியாது. பழைய ஐ3ஐத் திரும்ப மாட்டி, போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது பயாஸை பென் டிரைவில் இறக்கி ஏற்றினேன். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு போச்சு. வாங்குவதற்கு முன்பே சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் போர்டின் மாடல் பெயரைப் பார்த்து, அதே தளத்தில் எந்தெந்த ப்ராசஸர் ஓடும், எந்த பயாஸில் ஓடும் என்ற பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் நாலு கால்களில் ஒன்று சரியாக இறங்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் மெஷின் தானாக அணைந்தது. எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், நாலு முறை 'டக்' கேட்க வேண்டும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு ஓர் உளுந்து அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். இந்த சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு அந்த எக்செல் ஃபைல் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? கிட்டத்தட்ட அதே நேரம்!

அப்புறம்தான் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் 100 சதவீதம், மெமரி 90க்கு மேல், ப்ராசஸர் பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. நீங்கள் காசை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இதைத்தான். டேலியும் பிரவுசரும் திறந்திருக்கும்போது எது முட்டி நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் மெஷினிலும் டிஸ்க்தான் நிற்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் செலவு ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் தட்டு இல்லாத வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி. எச்61இல் டிஸ்க்கைப் போர்டுடன் இணைக்கும் சாட்டாவின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான், எஸ்எஸ்டி தன் முழு வேகத்தில் பாதியில்தான் ஓடும். ஓடட்டும், ஹார்டு டிஸ்க் அதன் பக்கத்தில்கூட வராது. வேகமான மாடலுக்குக் கூடுதல் காசு மட்டும் கொடுக்காதீர்கள். என் மெஷின் ஆன் ஆக இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது, இப்போது இருபது நொடி.

அடுத்தது ராம். டிடிஆர்3 கேளுங்கள், டிடிஆர்4 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் அது ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் ராமா என்று கேளுங்கள், உங்கள் இன்டெல் போர்டில் அது வேலை செய்யாது. எச்61 அதிகபட்சம் 16 ஜிபி தாங்கும், உங்கள் வேலைக்கு 8 போதும், இரண்டு 4 ஜிபியாக. விண்டோஸ் 32 பிட்டா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, 64 பிட் ஏற்ற வேண்டும்.

எனக்கு எஸ்எஸ்டி 1,400, ராம் 1,100 ஆனது. அது 2023 விலை, ராம் விலை ஏறி இறங்கும், நாலு கடையில் கேளுங்கள். மிச்சம் இருந்தால் ஐ5. ஐ7 3770 ஆசை வரும், வேண்டாம். இந்த மெஷின் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை, அதற்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. செலவு 5,000ஐத் தாண்டும் போலிருந்தால் நிறுத்திவிட்டு, ஆஃபீஸிலிருந்து கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ஒன்றுக்குச் சேர்த்து வையுங்கள்.

ஐ5 வாங்கினால் கடைக்காரர் பழைய ஐ3ஐ எக்ஸ்சேஞ்சில் கேட்பார். புதுசு மானிட்டரில் படம் காட்டும்வரை கொடுக்காதீர்கள்.