வாசகர் கேள்வி–பதில்: விரதம் முடிந்ததும் திரும்பி வரும் எடை

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன், வயது 47. பெற்றோர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். நான் பட்டணத்தில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாகத் தைப்பூசத்திற்கு 48 நாள் விரதமிருந்து பால்குடம் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு கிலோ குறைகிறது. அதே கட்டுப்பாட்டைப் பிறகும் தொடர முயல்கிறேன். ஏதாவது ஒரு கல்யாண விருந்தோடு அது உடைந்துவிடுகிறது. தீபாவளிக்குள் பழைய எடையையும் தாண்டிவிடுகிறேன். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை எடுக்கிறேன். சாமிக்காக முடிவது எனக்காக ஏன் முடியவில்லை? மன உறுதி இல்லாதவள் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: ஆண்டுதோறும் 48 நாள் மீனையும் கறியையும் தொடாமல், பசியைப் பொறுத்துக்கொண்டு, பால்குடம் சுமந்து நடக்கும் ஒருவரை மன உறுதியற்றவர் என்று சொல்வது நியாயமே இல்லை, சகோதரி. அந்தச் சொல்லை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

விரதத்தை எது தாங்கி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது முடியும் நாள் முன்பே தெரியும். வீட்டாரும் உங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். ‘ஒரு வாய்தானே’ என்று யாரும் வற்புறுத்துவதில்லை. எதை உண்ணலாம், எதை விடலாம் என்று வேளைக்கு வேளை மனத்தோடு வழக்காட வேண்டியதும் இல்லை. தைப்பூசம் முடிந்த மறுநாள் இவை எல்லாம் ஒன்றாக விலகிவிட, அதே கட்டுப்பாட்டை முடிவு நாளே இல்லாமல் நீங்கள் தனியாகச் சுமக்கிறீர்கள்.

அதோடு, விரதத்தின் நெறியையும் அன்றாடச் சாப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். விரதம் முறிந்தால் முறிந்ததுதான். அந்த எண்ணத்தோடு உண்ணும்போது, பந்தியில் வைத்த ஒரு லட்டே ‘எல்லாம் போயிற்று’ என்று தோன்றச் செய்கிறது; தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று மனம் கைவிட்டுவிடுகிறது. ஹெர்மன், மேக் என்னும் உளவியல் ஆய்வாளர்கள் 1975-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மில்க் ஷேக் குடிக்கச் செய்து, பிறகு ஐஸ்கிரீம் கொடுத்தபோது, இயல்பாக உண்பவர்கள் குறைத்து உண்டார்கள்; எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ, மில்க் ஷேக்கே குடிக்காதபோது உண்டதைவிட அதிகமாக உண்டார்கள். ஒரு லட்டால் எடை ஏறுவதில்லை. ‘இனி அடுத்த தைப்பூசத்திற்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடும் மாதங்களில்தான் ஏறுகிறது.

உடலுக்கும் இதில் பங்கு உண்டு. 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்று உணவே கொடுக்கப்பட்டது. நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ளவர்களென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்கள், நாள் முழுவதும் உணவைப் பற்றியே பேசினார்கள், சிலர் சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்த பின்னும் உண்டார்கள். எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று 2011-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது. ஆகவே பந்தியில் உங்களை இழுத்ததைக் குணக்கேடு என்று எண்ண வேண்டாம்.

விரதம் சாமிக்கே இருக்கட்டும். எடைக்கு, வாழ்நாள் முழுதும் சலிக்காமல் செய்யக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பரோட்டா போன்ற ரொட்டி சானாயை அடியோடு விலக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஞாயிறு காலைப் பசியாறலுக்கு ஒரு ரொட்டியும் பருப்புக் கறியும் என்று நாளையும் அளவையும் நீங்களே குறித்துவிட்டால், அதை உண்பது தவறு ஆகாது. தவறு இல்லாத இடத்தில் ‘எல்லாம் போயிற்று’ என்ற எண்ணமும் எழாது.

‘இனிக் குறைத்துச் சாப்பிடுவேன்’ என்ற பொதுவான உறுதியைவிட, ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்று குறிப்பாக எடுக்கும் உறுதி அதிகம் கைகொடுக்கும் என்பது பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளரின் ஆய்வுகளில் தெரியவந்தது. உங்களுக்கான வாக்கியம் இது: ‘விருந்தில் அதிகமாக உண்டுவிட்டால், மறுநாள் காலை பட்டினி கிடக்காமல் வழக்கமான இரண்டு இட்லியைச் சாப்பிடுவேன்.’ ஈடுகட்டுவதற்காகக் கிடக்கும் பட்டினிதான் அடுத்த விருந்தில் உங்களைத் தோற்கடிக்கிறது.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. ஆனால் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வளர்ந்த பெண்கள் பலர் என்னிடம் சொன்னது. இரவு ஒன்பதரை மணிக்கு, பிள்ளைகள் எழுந்து போன தட்டில் குழம்பில் பிசைந்த நாலு கவளமும் பாதி அப்பளமும் கிடக்கும். சட்டியின் அடியில் உருளைக்கிழங்குப் பிரட்டல் ஒட்டியிருக்கும். சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த கை, நின்றபடியே அவற்றை வாயில் போட்டுவிடும். அது சாப்பிட்டதாகக் கணக்கிலேயே வருவதில்லை. ‘சாப்பாடு முடிந்தால், முதல் வேலையாக மிச்சத்தை டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறும் வீணாகாது.

ஒரு செயல் பழக்கமாக ஒரு மண்டலம் போதாமல் போகலாம். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் அதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

வீட்டாரிடம், விரத நாள்களில் செய்ததில் ஒன்றை மட்டும், அதாவது வற்புறுத்தாமல் இருப்பதை, ஆண்டு முழுதும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த விரதத்திற்கு முன் கிளினிக்கில் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில இனிப்பு நீர் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வேளை தவறினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி: எடை குறைந்தவர்கள் அடிக்கடி நிறுத்துப் பார்க்க வேண்டுமா? எண் ஏறியிருந்தால் அன்று முழுதும் மனம் சோர்ந்துவிடுகிறது. (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: குறைத்த எடையை நெடுநாள் காத்தவர்களைப் பின்தொடர 1994-இல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் உள்ளவர்களில் நான்கில் மூவர் வாரம் ஒரு முறையாவது நிறுத்துப் பார்க்கிறார்கள். ஏற்றம் இரண்டு கிலோவாக இருக்கும்போதே கண்ணில் பட்டால் திருத்துவது எளிது. உங்களைப் போல் எண்ணோடு மனமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் போதும். அதையும் வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றில் பாருங்கள். வார இறுதி விருந்துக்கு மறுநாள் ஏறிக் காட்டும் எடையில் பெரும்பகுதி உப்பு பிடித்து வைத்த நீர்தான்; வியாழனுக்குள் அது பெரும்பாலும் இறங்கியிருக்கும்.