வடிவமைப்புக் கூட்டத்தில் நெசவாளர்கள் வாய் திறக்க என்ன வழி?

கேள்வி: பவானியில் ஜமுக்காள நெசவாளர்கள் பன்னிரண்டு பேருடன் சேர்ந்து புதிய வடிவங்களை உருவாக்க முயல்கிறோம். வடிவமைப்பாளர் மடிக்கணினியில் படங்களைக் காட்டுகிறார். எல்லோரும் “நல்லாருக்குங்க” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். தறியில் ஏற்றிய பிறகே குறைகள் வெளிவருகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இதைக் கூச்சம் என்று நான் கருதவில்லை. திரையில் தெரியும் படம், வேலை முடிந்துவிட்ட தோற்றத்தோடு வருகிறது. அதை மாற்றும் சுட்டியோ ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தலையாட்டுவதைத் தவிர அங்கே வேலையில்லை.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1981-இல் தொடங்கிய உடோப்பியா திட்டத்தில், செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்களோடு கணினிக் கருவிகளை வடிவமைத்தவர்களும் இத்தகைய சிக்கலைச் சந்தித்தார்கள். தொழில்நுட்ப விவரிப்புகள் தொழிலாளர்களுக்குப் பிடிபடாததால், ஒட்டுப்பலகையாலும் அட்டையாலும் மாதிரிகள் செய்து, வெறும் அட்டைப்பெட்டியை லேசர் அச்சுப்பொறியாகப் பாவித்து, அது வந்தால் வேலை எப்படி நடக்கும் என்று செய்துபார்த்தார்கள்.

உங்களிடம் அதைவிடப் பொருத்தமான நூல் இருக்கிறது. மூன்று விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் தடித்த அட்டைகளை வெட்டிக் கொடுத்து, தறியில் ஓடும் அதே சாய நூலை நிறம் நிறமாக நெருக்கிச் சுற்றச் சொல்லுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை எத்தனை இழை நிற்க வேண்டும் என்பதை விரல்களே முடிவுசெய்யும்; பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி சுற்றலாம். “இத்தன நிறம் வெச்சா, அடிக்கடி நாடா (தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கருவி) மாத்தோணுங்க, கூலி கட்டாதுங்க” என்ற பேச்சு தறிக்குப் போன பிறகு வராமல், அந்த அட்டையைக் கையில் வைத்திருக்கும்போதே வரும்.

ஆனால் அட்டை நிறத்தையும் பட்டைகளின் அளவையும் மட்டுமே காட்டும்; துணியின் கனத்தைக் காட்டாது. அதற்காகப் பழைய ஜமுக்காளத் துண்டுகள் நாலைந்தை நடுவில் போட்டு, சுற்றித் தரையிலேயே உட்காருங்கள். சீட்டில் கருத்தை எழுதி ஒட்டச் சொல்லும் பயிற்சிப் பட்டறை வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்துப் பழக்கம் குறைந்தவர் முதல் நிமிடத்திலேயே வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார். கத்தரிக்கோலும் ஒன்றே ஒன்று வேண்டாம், அதை வைத்திருப்பவரே கூட்டத்தை நடத்தத் தொடங்கிவிடுவார்.

மடிக்கணினி மூன்றாவது அமர்வில் வரட்டும். அதற்குள் ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் இழைக் கணக்கையும் சுற்றியவர் பெயரையும் எழுதிவையுங்கள். கணினியில் ஏற்றும்போது ஏதேனும் மாற்ற நேர்ந்தால், யாரைக் கேட்க வேண்டும் என்பது வடிவமைப்பாளருக்குத் தெரியும்.