கேள்வி – பதில்: சிங்கப்பூரின் சூதாட்டச் சட்டம்

சிங்கப்பூரில் சூதாட்டம் தடை என்கிறார்கள். அங்கேயே பெரிய காசினோக்களும் இருக்கின்றனவே, எது சரி?
*– வாசகர், திருச்சி*

இரண்டுமே சரி. 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடையிலிருந்துதான் தொடங்குகிறது. உரிமம் உள்ளவை, சட்டமே விலக்கு அளித்தவை தவிர மற்ற எல்லாம் குற்றம். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் என்ற ஒரே அமைப்பு எல்லாவற்றையும் கவனிக்கிறது.

உரிமம் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா என 2010-இல் திறந்த இரண்டு சூதாட்டக்கூடங்கள் (காசினோக்கள்). சில மன்றங்களில் (கிளப்புகளில்) காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் உள்ள ஜாக்பாட் அறைகள். லாட்டரிக்கும் விளையாட்டுப் பந்தயத்துக்கும் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அரசு சார்ந்த நிறுவனம். உள்ளூர்க் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு முடிந்துபோனது. பொம்மையைக் கவ்வி எடுக்கும் இயந்திரத்துக்குக்கூட வரம்பு உண்டு: பரிசுப் பொருளின் மதிப்பு 100 வெள்ளியைத் தாண்டக் கூடாது. (சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு டாலர் என்பது வெள்ளி. இங்கும் அப்படியே எழுதுகிறோம்.)

சூதாட்டக்கூடத்துக்குள் போக நுழைவுக் கட்டணம் யாருக்கு, எவ்வளவு?
*– வாசகர், ஜூரோங்*

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, ஓராண்டுக்கு 3,000. 2019 ஏப்ரலுக்கு முன் இது 100, 2,000 என்று இருந்தது. ஒரு கூடத்தில் கட்டியது மற்றதில் செல்லாது. மரினாவில் கட்டிவிட்டு அன்றிரவே செந்தோசா போனால் மறுபடி கட்ட வேண்டும். 24 மணி நேரம் முடிந்தும் புதிதாகக் கட்டாமல் உள்ளே இருப்பது குற்றம்.

இந்தப் பணம் சூதாட்டக்கூடத்துக்குப் போவதில்லை, டோட் வாரியம் என்ற அரசு அமைப்பின் வழியாகப் பொதுநலப் பணிகளுக்குப் போகிறது. நோக்கம், வாசலிலேயே ஒரு முறை யோசிக்க வைப்பது. ஆனால் கட்டியவர் பலர் “அந்த 150-ஐயாவது எடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்” என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலி கட்டியவர்கள் இதை எதிர்பார்த்தார்களா என்று தெரியவில்லை.

வெளிநாட்டவருக்குக் கட்டணம் கிடையாது. 21 வயது நிரம்பி, கையில் பாஸ்போர்ட் இருந்தால் போதும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இதில்தான் கண்ணி. சம்பளம் குறைந்தவருக்குத்தான் கதவு இலவசமாகத் திறக்கிறது.

ஃபோர் டியில் ஒரு வெள்ளி கட்டினால் உண்மையில் எவ்வளவு திரும்பி வரும்?
*– வாசகர், சிராங்கூன்*

காகிதமும் பேனாவும் எடுங்கள். ஃபோர் டி என்பது நான்கு இலக்க லாட்டரி. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்கள் விழும்: முதல் மூன்று பரிசு, பத்து ‘ஸ்டார்ட்டர்’ பரிசு, பத்து ஆறுதல் பரிசு. இந்த 23-க்கும் பரிசு தரும் ‘பிக்’ ஆட்டத்தில் ஒரு வெள்ளிக்குக் கிடைப்பது வரிசையாக 2,000, 1,000, 490, 250, 60. பத்தாயிரம் எண்களிலும் தலா ஒரு வெள்ளி கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். 2,000 + 1,000 + 490 + 2,500 + 600 = 6,590. ஆக, வெள்ளிக்குச் சராசரியாக 66 காசுக்குச் சற்றுக் குறைவு.

‘ஸ்மால்’ ஆட்டத்தில் முதல் மூன்று எண்களுக்குத்தான் பரிசு: 3,000, 2,000, 800. கூட்டினால் 5,800, அதாவது 58 காசு. முதல் பரிசு பெரிதாகத் தெரிவதால் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கு சொல்வது நேர்மாறு.

இன்னொரு குழப்பம் ஐ-பெட் என்ற பந்தய வகை. நான்கு இலக்கமும் வெவ்வேறாக இருந்தால் 24 விதமாக மாற்றி அடுக்கலாம். ஐ-பெட்டில் ஒரே வெள்ளிக்கு அந்த 24-உம் அடங்கும், பரிசும் 24-ஆகப் பிரியும். பிக் முதல் பரிசு 2,000 என்று நினைத்துக் கவுண்டருக்குப் போனவர் கையில் 83 வெள்ளி வாங்கி, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போடுவது இதனால்தான். முழுப் பரிசும் வேண்டுமென்றால் சிஸ்டம் என்று கேட்டு 24 வெள்ளி கட்ட வேண்டும்.

விபத்துக்குள்ளான வண்டியின் எண் ராசி என்று நம்பி அதைக் கட்ட எல்லோரும் ஓடும்போது, விற்பனை உச்சவரம்பைத் தொட்டதும் அந்த எண்ணை நிறுத்திவிடுவார்கள். பரிசு விழுந்த சீட்டை 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

தங்கும் விடுதியில் நண்பர் ஒருவர் டெலிகிராம் வழியாகக் கிரிக்கெட் பந்தயம் கட்டித் தருகிறார். அந்தத் தளத்துக்கு வெளிநாட்டு உரிமம் இருக்கிறதாம். சிக்கல் வருமா?
*– வாசகர், துவாஸ்*

வரும். வேறு நாட்டு உரிமம் சிங்கப்பூரில் செல்லாது. நீங்கள் சிங்கப்பூரில் இருந்துகொண்டு கட்டினால், தளத்தின் சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் குற்றம்தான். ஆடுபவருக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம். பிறருக்காகப் பந்தயம் வாங்கி அனுப்பும் உங்கள் நண்பர் சட்டத்தின் கண்ணில் ஏஜெண்ட். அவருக்கு 5 ஆண்டு, 2 லட்சம் வெள்ளி வரை. நடத்துபவருக்கு 7 ஆண்டு, 5 லட்சம். “கமிஷன் வாங்கவில்லை, உதவிதான் செய்தேன்” என்பதை நம்பி இறங்க வேண்டாம். பணம் போட்டு எடுக்க உங்கள் வங்கிக் கணக்கைக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இணையத்தில் சட்டப்படி ஆட சிங்கப்பூர் பூல்ஸ் கணக்கு ஒன்றுதான் வழி. அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் (கடையில் நேரில் சீட்டு வாங்க 18 போதும்). ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்பை முதலிலேயே நிர்ணயித்த பிறகுதான் ஆட விடும்.

தீபாவளிக்கு வீட்டில் காசு வைத்து ரம்மி ஆடலாமா?
*– வாசகி, ஈசூன்*

தாராளமாக. வீடாக இருக்க வேண்டும், ஆடுபவர்கள் உண்மையிலேயே ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கமிஷன் பிடித்தால் விலக்கு போய்விடும். இதே ஆட்டத்தைச் சொந்தக்காரர்களோடு இணையத்தில் காசு வைத்து ஆடினாலும் விலக்கு இல்லை; திரைக்குப் பின்னால் யார் யாருக்கு உறவு என்று பார்ப்பது எப்படி?

என் அண்ணன் சூதாட்டக்கூடத்தில் கடனாளியாகிவிட்டார். குடும்பத்தால் தடுக்க முடியுமா?
*– வாசகி, உட்லண்ட்ஸ்*

முடியும். முதலில் அவரையே சுய விலக்குக்கு, அதாவது தன்னை உள்ளே விடக் கூடாது என்று தானே பதிந்துகொள்வதற்கு, சம்மதிக்க வைத்துப் பாருங்கள். சிங்பாஸ் என்ற அரசின் மின் அடையாளக் கணக்கு வழியாக இணையத்தில் பதியலாம், குறைந்தது ஓராண்டுக்குத் திரும்பப் பெற முடியாது.

மறுத்தால், குடும்பத்தார் கேட்டு அவரைத் தடுக்க வைக்கும் குடும்ப விலக்கு ஆணை. வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோர் பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக் குழு உங்களையும் விசாரிக்கும், அண்ணனையும் விசாரிக்கும். அவர் ஆடுகிறார் என்று சொன்னால் மட்டும் போதாது. அதனால் குடும்பத்துக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்ட வேண்டும். கடன் கேட்டு வந்த கடிதங்கள், வங்கிக் கணக்கு விவரம், அடகு ரசீது, கட்டாத பில் என்று தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். திவாலாகி இன்னும் விடுபடாதவர்கள், அரசின் நிதியுதவி பெறுவோர் போன்றவர்கள் விண்ணப்பமின்றித் தானாகவே விலக்கப்படுகிறார்கள்.

ஆணை வந்ததும் சூதாட்டக்கூடம், ஜாக்பாட் அறை, சிங்கப்பூர் பூல்ஸ் இணையக் கணக்கு மூன்றும் அடைபடும். ஏமாற்றி நுழைந்து ஜெயித்தாலும் அந்தப் பணம் பறிமுதல்.

ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். தெருமுனைக் கடையில் ரொக்கத்துக்கு ஃபோர் டி சீட்டு வாங்குவதை ஆணை தடுக்காது. எல்லை தாண்டி மலேசியாவின் கெந்திங் மலைச் சூதாட்டக்கூடத்துக்குப் பேருந்து ஏறினாலும் அது பின்தொடராது. ஆகவே ஆணை கிடைத்த கையோடு கூட்டுக் கணக்கைப் பிரித்து, ஏடிஎம் அட்டையையும் வாங்கி வையுங்கள். ஆலோசனைக்கு மன்றத்தின் எண் 1800-6668-668, உறவினர்களும் அழைக்கலாம்.