பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு ஸ்டீரியோ செட்: பழைய பொருட்களில் சேர்ப்பது எப்படி? கேள்வி பதில்

குறைந்த செலவில், செகண்ட் ஹேண்ட் பொருட்களை வைத்து ஸ்டீரியோ செட் அமைப்பது பற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். எந்தக் கேள்வியானாலும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கரில் போடுங்கள், உழைப்பில் பெரும்பங்கை அதை எங்கே வைப்பது என்பதில் போடுங்கள்.

தாம்பரம்: கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. 10-க்கு 12 அடி அறை. எல்லாமே பழையதாக வாங்கத் தயார். எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

ஸ்பீக்கருக்கு 8,000, ஆம்ப்ளிஃபயருக்கு 5,000. மீதி 2,000 வயர், கேபிள், ஒரு மல்டிமீட்டர், ஆட்டோ செலவு. நல்ல கம்பெனி ஆம்ப்கள் இரண்டை ஒரு சின்ன அறையில், அளவான சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்பீக்கரை மாற்றினால் பாடுகிறவர் குரலே மாறிவிடும். அதனால் முதலில் ஸ்பீக்கரைத் தேடிப் பிடியுங்கள். 5 அல்லது 6.5 அங்குல ஊஃபரும் (கீழ் ஒலிக்கு) ஒரு ட்வீட்டரும் (மேல் ஒலிக்கு) உள்ள, அலமாரியில் வைக்கும் அளவு புக்‌ஷெல்ஃப் ஜோடி உங்கள் அறைக்குப் போதும். அதற்கேற்ற ஆம்பை அப்புறம் பார்க்கலாம்.

ஒரே பெட்டியில் டிவிடி பிளேயரோடு வந்த ஹோம் தியேட்டர் செட்டுகளின் ஸ்பீக்கர்களைத் தனியாக வாங்காதீர்கள். பல 3 ஓம்ஸ் ஸ்பீக்கர்கள், அதாவது மின்தடை மிகக் குறைவு, சாதாரண ஆம்ப் திணறும். பிளக்கும் அந்தக் கம்பெனிக்கே உரியது. பெட்டியில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தாங்கும் உண்மையான வாட், எவ்வளவு என்று கேளுங்கள்.

கோவை: கிடைத்திருக்கும் பழைய ஆம்ப் வெறும் 20 வாட். போதுமா சார்?

தாராளம். ஸ்பீக்கரின் விவரக் குறிப்பில் 87 டிபி (டெசிபல், சத்தத்தின் அளவு) என்பது போல ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் வரும் சத்தம் அது. 3 டிபி கூட வேண்டுமென்றால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும், 10 டிபி கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு. வீட்டில் நிதானமாகப் பாட்டுக் கேட்பது 70, 75 டிபி அளவில்தான். அப்படியென்றால் பெரும்பாலான நேரம் உங்கள் ஆம்ப் ஒரு வாட்டைக்கூட எட்டுவதில்லை. தவில் ஓங்கி விழும்போது சட்டென்று 15 டிபி எகிறினாலும் 20 வாட்டில் இடம் இருக்கிறது. 1978-ல் வந்த என்ஏடி 3020-ம் 20 வாட்தான். இன்றும் உலகம் முழுக்க அதைத் தேடி வாங்குகிறார்கள்.

இன்னும் சத்தம் வேண்டுமென்றால் வாட்டைத் தேடி அலையாமல் ஸ்பீக்கரின் டிபி எண்ணைப் பாருங்கள். 85-க்குப் பதில் 88 டிபி ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்பின் வாட் இரட்டிப்பானதற்குச் சமம்.

மதுரை: விற்பவர் வீட்டுக்கே போய் ஸ்பீக்கர் பார்க்கப் போகிறேன். என்னென்ன சோதிக்க வேண்டும்?

பகலில் போங்கள். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி, இரண்டு துண்டு வயர், மல்டிமீட்டர், உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு பாட்டு, இவை கையில் இருக்கட்டும்.

முதலில் முன்பக்கத் துணி கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். அநேகமாக மூலைகளில் குமிழ் வைத்துப் பொருத்தியிருக்கும், மெல்ல இழுத்தால் வந்துவிடும். உள்ளே ஊஃபரின் கோனை (அதிரும் கூம்பு) சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் என்றால் பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் 10, 15 வருடத்தில் தானாகவே உதிர ஆரம்பிக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ விரலில் தூள் வந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. அதற்காக ஓடிவந்துவிட வேண்டாம். ஃபோம் வளையம் தனியாக இணையத்தில் கிடைக்கிறது, அளவு சரியாக எடுத்துப் பொறுமையாக ஒட்டலாம். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ரப்பர் வளையம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

அடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமே இல்லாமல் போய்த் திரும்ப வேண்டும். சரசரவென்று எதுவோ உரசுவது கைக்குத் தெரிந்தால் உள்ளே வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) இடிக்கிறது. அந்த ஜோடியை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும்.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து அளந்தால் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம்ஸ் என்றால் 3 முதல் 4 வரை. முக்கியம் என்னவென்றால் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். இரண்டு ஊஃபரும் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் யாரோ கழற்றி வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பாட்டு. ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டு ட்வீட்டர் பக்கம் காதைக் கொண்டு போங்கள். ஜால்ரா, சலங்கை, பாடகரின் 'ஸ' எல்லாம் அங்கிருந்து தெளிவாக வர வேண்டும். ஒரு ட்வீட்டர் போயிருந்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம். வேறு ஏதாவது ஒன்றைப் போட்டால் ஜோடி ஜோடியாக இருக்காது.

வேளச்சேரி: ஆம்ப் வால்யூமைத் திருகினால் கரகரவென்கிறது. விற்பவர் "அது ஒண்ணுமில்லை" என்கிறார். நம்பலாமா?

அந்தக் கரகரப்பு மட்டும் என்றால் நம்பலாம். வால்யூம் கண்ட்ரோலுக்குள் தூசியும் களிம்பும் சேர்ந்தால் அப்படித்தான் வரும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும், சென்னையில் என்றால் ரிச்சி தெருவில். கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு உள்ளே லேசாக அடித்து, குமிழைப் பல தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். துரு பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அங்கே அடிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும், அதனால் உள்ளே கை வைக்கப் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஆன் செய்த சில நொடியில் உள்ளே "டிக்" என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) விழும் சத்தம் கேட்கிறதா? ரிலே உள்ள ஆம்பில் அது விழவேயில்லை என்றால் உள்ளே எதுவோ போயிருக்கிறது. அப்புறம் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் வேண்டாம், அது உங்கள் ஊஃபரை மெல்லக் கெடுக்கும். அரை மணி நேரம் பாட்டு ஓடட்டும். கருகிய வாசனை வந்தாலோ ஒரு பக்கச் சத்தம் அடங்கி அடங்கி வந்தாலோ நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, இங்கே யப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப்கள் நல்ல விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமோ?

பொருள் தரமாகவே இருக்கும். ஆனால் வாங்கும் முன் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்தவற்றில் 100 வோல்ட் மட்டும்தான் எழுதியிருக்கும். அதை 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 110 வோல்ட் தரும், ஆம்ப் தேவையில்லாமல் சூடாகும். ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவரிடம் 100 வோல்ட் என்று சொல்லிச் செய்துகொள்ளுங்கள். ஆம்ப் எடுக்கும் வாட்டைப் போல் இரண்டு மடங்கு தாங்கும்படி இருக்கட்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் மலிவாக இருந்தால் வாங்குங்கள்.

ரேடியோவும் சேர்ந்த மாடல் என்றால், யப்பானின் பழைய எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். உங்கள் ஊர் நிலையங்களில் பெரும்பாலானவை அதில் வராது.

சேலம்: ஸ்டீரியோ ஆம்ப் கிடைக்கவில்லை. பழைய 5.1 ஏவி ரிசீவர்தான் (ஹோம் தியேட்டருக்கான பல ஸ்பீக்கர் ஆம்ப்) நிறைய விற்பனைக்கு வருகிறது. வாங்கலாமா?

அதை வாங்குங்கள், இந்த பட்ஜெட்டில் என் முதல் தேர்வே அதுதான். புது டிவிக்குப் பொருந்தாத எச்டிஎம்ஐ, அல்லது எச்டிஎம்ஐயே இல்லை என்பதற்காகப் பலர் டெனான், யமஹா, ஓன்கியோ ரிசீவர்களைத் தள்ளிவிடுகிறார்கள். பாட்டுக்கு எச்டிஎம்ஐ எதற்கு? பின்னால் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகள் வேலை செய்தால் போதும். முன் இரண்டு ஸ்பீக்கரை மட்டும் இணைத்து, மெனுவில் சப்ஊஃபர் (கீழ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) இல்லை என்று வைத்து, ஸ்டீரியோ அல்லது டைரக்ட் மோடில் கேளுங்கள். ரிமோட் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், பல மாடல்களில் அந்த மெனுவுக்குள் போக ரிமோட் வேண்டும். மேலே அரை அடி காற்றோட்டம் விடுங்கள், நன்றாகச் சூடாகும்.

புதுச்சேரி: அதே அளவு அறைக்கு ஆளுயர டவர் ஸ்பீக்கர் மலிவாக வருகிறது. விடவா, வாங்கவா?

விட்டுவிடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

திருச்சி: புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் பேஸ் (கீழ்ச் சுருதி ஒலி) கும்மென்று அறை முழுக்க அடைக்கிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா அண்ணா?

மாற்ற வேண்டாம் தம்பி, அது அறையின் வேலை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே எந்தச் சுருதியின் அரை அலை சரியாகப் பொருந்துகிறதோ அந்தச் சுருதி மட்டும் வீங்கும். 10 அடி அகலத்துக்கு அது 56 ஹெர்ட்ஸ், 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ். உங்கள் கூரையும் 10 அடி உயரம் என்றால் அதே 56-ல் இரண்டு வீக்கம் ஒன்றாகச் சேரும். டவர் ஸ்பீக்கர் இந்தச் சுருதிகளைத்தான் பலமாகத் தள்ளும், அதனால்தான் மேலே வேண்டாம் என்றேன்.

இந்த வீக்கம் சுவரை ஒட்டித்தான் அதிகம், மூலையில் மிக அதிகம். கட்டிலில் சுவரோடு சாய்ந்து கேட்டால் நீங்கள் உட்கார்ந்திருப்பது பேஸ் மிக உரக்கக் கேட்கும் இடத்தில். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து 3 அடி முன்னால் போட்டு அதே பாட்டைக் கேளுங்கள். சரியாக நடு அறையில் மட்டும் வேண்டாம், அங்கே பேஸ் காணாமல் போகும்.

ஸ்பீக்கர்களை 10 அடிச் சுவர்ப் பக்கம் வையுங்கள். பக்கச் சுவரிலிருந்து இரண்டடி, நடுவில் ஆறடி இடைவெளி, நீங்கள் உட்காருவதும் ஸ்பீக்கரிலிருந்து ஆறு ஏழு அடியில். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்டாண்டு வாங்கக் காசில்லையென்றால் 8 அங்குல ஹாலோ பிளாக் மூன்றை அடுக்கினால் இரண்டடி வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கற்களைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுங்கள். ஸ்பீக்கரின் பின்னால் துளை இருந்தால் பின்சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். இடமே இல்லையென்றால் அந்தத் துளையில் ஒரு சாக்ஸைச் சுருட்டிச் செருகுங்கள், பேஸ் அறையை அடைப்பது குறையும்.

அப்புறம் பீரோ. அறையில் இரும்பு பீரோ இருந்தால் பேஸ் வரும்போது அதன் கதவில் உள்ளங்கையை அழுத்திப் பிடியுங்கள். சத்தம் உடனே சுத்தமானால் கதவு அதிர்கிறது என்று அர்த்தம். இடுக்கில் மடித்த துணி போதும். மேலே அடுக்கிய சூட்கேஸ், பாத்திரத்தையும் பாருங்கள். கை தட்டினால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கணகணக்கிற அறை என்றால், தடித்த திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், மூலையில் சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் உதவும். அவை குரலையும் ஜால்ராவையும் தெளிவாக்கும். 56 ஹெர்ட்ஸைத் தொடாது, அதற்கு இடம் மாற்றுவதுதான் வழி.

ஈரோடு: ஸ்பீக்கர் வயர் மீட்டர் ஆயிரம் ரூபாய்க்கெல்லாம் விற்கிறார்களே, எது வாங்குவது?

எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். 5 மீட்டர் தூரத்துக்குப் போய் வர மொத்தத் தடை 0.12 ஓம்ஸ்தான், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமேயில்லை. கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, வேண்டாம்.

திருநெல்வேலி: லேப்டாப்பை இணைத்தால் "ம்ம்ம்" என்று இரைகிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் நிற்கிறது. அப்படியே விடலாமா?

விடவே கூடாது. எர்த் உயிரைக் காப்பது. ஆம்ப், லேப்டாப் இரண்டையும் ஒரே மல்டிபிளக்கில் போட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் ஆர்சிஏ கேபிள் நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்குங்கள். போனில் சின்ன யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் கருவி) செருகி, சார்ஜ் போடாமல் கேட்டாலும் இரைச்சல் இருக்காது.

திருவாரூர்: அப்பா சேர்த்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பழைய டெக் வாங்கி இதே செட்டில் இணைக்கலாமா?

இணைக்கலாம், ஆம்பில் ஆக்ஸ் அல்லது டேப் துளையில். டெக் வாங்கும்போது உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் இளகியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுருதி அலைந்தாலோ ஓட ஆரம்பித்து நின்றாலோ பெல்ட்தான். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரியும் கேசட்டை மட்டும் சுத்தம் செய்யாமல் போடாதீர்கள், அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அப்பாவின் கேசட்டுகளை ஒருமுறை ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள்.

குரோம்பேட்டை: நான் மாணவன். மொத்தமே 5,000 ரூபாய்தான். ஏதாவது வழி?

இருக்கிறது. டிபிஏ3116 சிப் உள்ள சின்ன ஆம்ப் போர்டு, வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர், இரண்டும் சேர்ந்து உன் அறைக்குத் தேவையான வாட்டைத் தரும். போர்டை ஒரு டப்பாவுக்குள் பொருத்து, வயர் முனைகள் ஒன்றோடொன்று படாமல் பார். மீதிப் பணம் முழுவதும் ஸ்பீக்கருக்கு. பழைய மினி ஹைஃபை செட்டோடு வந்த மரப் பெட்டி ஸ்பீக்கர்கள் 6 ஓம்ஸில் நிறைய வருகின்றன. மதுரைக்காரருக்குச் சொன்ன சோதனைகளை அப்படியே செய்து பார்த்து எடு. இப்போதைக்குப் பாட்டுக்குப் போன் போதும்.