டிக்கெட்டை நீங்களே வாங்குங்கள், பணம் பிறகு தருகிறோம் என்றால்?

கேள்வி: வேறொரு நாட்டில் நடக்கும் இளைஞர் மாநாட்டில் ஐந்து நாள் அமர்வுகளை நடத்தித் தர என்னை அழைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணம் எனக்கு இதுவே முதல் முறை. டிக்கெட்டை நானே வாங்க வேண்டும், மாநாடு முடிந்தபின் செலவைத் திருப்பித் தருவார்களாம். என் சேமிப்பு அதற்கே சரியாகப் போய்விடும். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாவற்றையும் ஒரே தொகையில் முடித்து, ஒரே பில்லாகத் தருகிறேன் என்கிறார். மாநாடு முடிந்ததும் நான்கு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஆசை. பணம் முழுதாக வருமா? எந்தெந்த ரசீதுகளை வைத்திருக்க வேண்டும்?

பதில்: பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் டிக்கெட் வாங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. இத்தகைய மாநாடுகளின் பயணக் கணக்குகளைச் சரிபார்ப்பதே என் வேலை. திருப்பி அனுப்பப்படும் கிளெய்ம்களில், அதாவது செலவைத் திரும்பக் கேட்டு வரும் விண்ணப்பங்களில், பொய்க்கணக்கு குறைவு. "போனில் கேட்டேனே, சரி என்றாரே" வகைதான் அதிகம். உங்களை அழைத்தவர் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். நீங்கள் வந்து சேர்ந்தால் அவருக்குப் போதும், எதைக் கேட்டாலும் சரி என்பார். பணத்தை விடுவிப்பவர் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் உங்களைப் பார்த்ததும் இல்லை, உங்கள் அமர்வில் எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. கோப்பில் என்ன காகிதம் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்.

ஆகவே டிக்கெட் பக்கம் போகும் முன் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பயணத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, விசா கட்டணம், காப்பீடு, பெட்டிக் கட்டணம், வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் செலவு ஆகியவை அதில் அடங்குமா, விசா மறுக்கப்பட்டால் அல்லது மாநாடே ரத்தானால் டிக்கெட் செலவு யாருடையது, எந்த நாணயத்தில் எந்த நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிடுவார்கள், கிளெய்ம் அனுப்பக் கடைசி நாள் எது, பணம் எத்தனை நாளில் வரும். இவ்வளவையும் கேளுங்கள். வந்த பதிலை நான்கு வரியில் சுருக்கி, "இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?" என்று திருப்பி அனுப்பி, அதற்கும் ஒரு "ஆம்" வாங்கிவிடுங்கள். கணக்குப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும்.

அதே மின்னஞ்சலில் இன்னொன்று: "டிக்கெட்டை நீங்களே வாங்கித் தர முடியுமா, இல்லையென்றால் முன்பணம் கிடைக்குமா?" இதைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் தரும் அமைப்புகள் நிறையவே உண்டு. கேட்காதவர்களுக்குத் தானாகச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். இளைஞர்களின் பொருளாதார உரிமை பற்றிப் பேச ஓர் இளைஞரை அழைத்துவிட்டு, அவரையே அமைப்புக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க வைக்கும் இந்த வழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை. அது ஒழியும் வரை நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த ஏஜென்ட். ஒரே தொகை, ஒரே பில் என்ற பேச்சை அவரோடு இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவுக்கு விமானக் கட்டணம் தனியாக, விசாக் கட்டணம் தனியாக, தங்கும் செலவு தனியாகத் தெரிய வேண்டும். ஒன்றுக்கு அனுமதி இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. கலந்து கட்டிய பில் வந்தால் பிரிக்க வழியில்லாமல் மொத்தத்தையும் நிறுத்தி வைப்பார்கள். நீங்கள் திரும்ப ஏஜென்டிடம் போய்ப் பிரித்துக் கேட்டால், அவருக்கு அப்போது ஞாபகமே இருக்காது.

அடுத்தது, அவர் கையில் கொடுக்கும் காகிதம். விமான எண், தேதி, உங்கள் பெயர், ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு எல்லாம் அதில் அழகாக இருக்கும். அது டிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கையைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்தாலே அந்தக் குறியீடு வந்துவிடும், பணம் கட்டாவிட்டால் சில நாளில் தானாக ரத்தாகும். டிக்கெட் உண்மையில் வழங்கப்பட்டிருந்தால் 13 இலக்க டிக்கெட் எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். அப்புறம் விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் முன்பதிவுக் குறியீட்டையும் உங்கள் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஏஜென்டின் கணினியில் வரும் குறியீடும் விமான நிறுவனத்தின் குறியீடும் வேறாக இருப்பதுண்டு, நிறுவனத்துடையதைத்தான் கேட்க வேண்டும். அங்கே உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பயணம் ரத்தானால் திரும்பும் பணமும் வழக்கமாக ஏஜென்டுக்குத்தான் போகும், உங்களுக்கு அல்ல. அவர் எவ்வளவு பிடித்துக்கொண்டு மீதியை எப்போது தருவார் என்பது அவர் மனசு.

இன்னொரு சலுகையும் வரக்கூடும்: "பில்லைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தருகிறேன், வித்தியாசத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம்." மின்டிக்கெட்டில் கட்டணம் அச்சாகியிருக்கும், அன்றைய கட்டணம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்காளர் ஒருவருக்குத் தெரியாமலும் போகாது. மாட்டினால் ஏஜென்டின் பெயர் எங்கும் வராது. கிளெய்ம் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அந்தத் துறையில் உங்களுக்கு அடுத்த அழைப்பு வருவது சந்தேகம்.

விசாவையும் அவரிடம் விடாதீர்கள். போலிக் கடிதம், போலி ஹோட்டல் பதிவு வைத்து விண்ணப்பித்தால் தூதரகத்தின் பார்வையில் பொய் சொன்னவர் விண்ணப்பதாரர்தான். எந்த வகை விசா என்பதும் முக்கியம். உங்களுக்கு மதிப்பூதியம் ஏதும் தருகிறார்கள் என்றால் சுற்றுலா விசா பல நாடுகளில் பொருந்தாது. அழைப்புக் கடிதத்தில் உங்கள் பொறுப்பு என்ன, எந்தத் தேதிகள், செலவை யார் ஏற்கிறார்கள் என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லி, அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் விதியை நீங்களே படியுங்கள். விசா கைக்கு வரும் முன் பணம் கட்டி டிக்கெட் வாங்க வேண்டாம் என்று பல தூதரகங்களே சொல்கின்றன. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்பதையும் பாருங்கள், பல நாடுகள் அதைக் கேட்கும்.

டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே, உங்கள் பெயரில் உள்ள கார்டில் வாங்குங்கள். நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் வாங்கி, முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. மிச்சம் பிடித்ததைவிடப் புது டிக்கெட் அதிகமாகிவிடும், அதை அமைப்பாளரும் ஏற்கமாட்டார். அமர்வு நடத்துபவர் முந்தின நாள் மதியத்துக்குள்ளாவது போய்ச் சேர வேண்டும். குழுக் கூட்டம் பெரும்பாலும் முந்தின நாள் மாலையிலேயே நடக்கும்.

ரசீதுகளுக்கு வருகிறேன். மின்டிக்கெட், பணம் கட்டிய ரசீது, கார்டு கணக்கறிக்கையில் அந்தத் தொகை வரும் பக்கம், போர்டிங் பாஸ் ஆகியவை அடிப்படை. டிக்கெட் வாங்கினீர்கள் என்பதற்கும் பயணம் செய்தீர்கள் என்பதற்கும் தனித்தனிச் சான்று கேட்பார்கள், அதனால் போர்டிங் பாஸை விடாதீர்கள். போனில் வரும் போர்டிங் பாஸ் விமானம் தரையிறங்கியதும் செயலியிலிருந்து காணாமல் போய்விடுவதுண்டு, ஏறும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். தொலைந்துவிட்டால் விமான நிறுவனத்திடம் பயணச் சான்று கேட்டுப் பார்க்கலாம், தாமதிக்காமல் கேட்க வேண்டும். உலகமே போனுக்கு மாறிய பிறகும் "அசல் போர்டிங் பாஸ் இணைக்கவும்" என்று படிவத்தில் அச்சடித்து வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னமும் உண்டு. அவர்களோடு வாதாடிப் பயனில்லை, விமான நிலையக் கவுண்டரில் ஒரு தாள் அச்செடுத்து வாங்கிக்கொள்வது சுலபம்.

பேருந்து, ரயில், டாக்ஸி ரசீதுகளை அன்றன்றே படம் எடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் வழவழப்புத் தாள் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். டாக்ஸிக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். பின்னிரவில் இறங்கி வேறு வண்டியே இல்லை என்பது போன்ற காரணம் இருந்தால் அதை ரசீதின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். தினப்படி தருகிறார்கள் என்றால் சாப்பாட்டு ரசீது சேர்க்கத் தேவையில்லை. கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டு நாணயத்திலா, உள்ளூர் நாணயத்திலா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். மற்றதில் கடைக்காரரின் வங்கி தனக்குச் சாதகமான விகிதத்தைப் போட்டுவிடும், அந்த நஷ்டத்தை யாரும் ஈடுகட்டமாட்டார்கள்.

நான்கு நாள் சுற்றிப் பார்க்கும் ஆசை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு டிக்கெட் செலவும் அடிபட்டுப் போவது இங்கேதான். மாநாட்டுக்கு முந்தின நாள் வந்து, மாநாடு முடிந்த மறுநாள் திரும்புவதற்குத்தான் பொதுவாக அவர்கள் பணம். கூடுதலாகத் தங்குவது தப்பில்லை. ஆனால் "தனிப்பட்ட காரணத்துக்காகத் திரும்பும் தேதியை இன்ன தேதிக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்று முதலில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கூடுதல் நாட்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் நிதி அமைப்புகள் உண்டு. அதைத் தாண்டினால் திரும்பும் பயணமே சுற்றுலா என்று கணக்கிட்டு, கட்டணத்தை மறுத்துவிடுவார்கள்.

அனுமதி வந்ததும் டிக்கெட் வாங்கும் அதே நேரத்தில், மாநாட்டுத் தேதிகளுக்கே போய்த் திரும்பினால் என்ன கட்டணம் என்று தேடி, அந்தத் திரையைத் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். அதே வழித்தடம், அதே வகுப்பு, அதே பெட்டி அளவு இருக்க வேண்டும். மறுநாள் தேடினால் விலை மாறியிருக்கும், அந்தப் படம் செல்லாது. உங்கள் டிக்கெட் அதைவிட அதிகமானால் வித்தியாசம் உங்கள் பையிலிருந்து. குறைவானால் நீங்கள் கட்டியது மட்டுமே கிடைக்கும், "உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தேனே" என்று மீதியைக் கேட்க முடியாது. வேறு நகரத்திலிருந்து திரும்புவதானாலும் ஒப்பீடு மாநாட்டு நகரத்திலிருந்து திரும்பும் கட்டணத்தோடுதான். இடையில் அந்த நகரத்துக்குப் போகும் ரயிலும் உங்களுடையது. மாநாடு நடந்த ஹோட்டலிலேயே தங்குகிறீர்களா? மாநாட்டுக் கணக்கை முடித்துவிட்டு, உங்கள் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் நான்கு இரவும் அமைப்பாளரின் பில்லில் ஏறி, மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடக்கும். தினப்படி மாநாட்டோடு நிற்கும். அமைப்பாளர் எடுத்த காப்பீடும் அப்படியே, ஆகவே மீதி நாட்களுக்கு நீங்களே எடுக்க வேண்டும். விசா அந்தக் கடைசி நாள் வரை செல்லுமா என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த நான்கு நாளுக்குப் பிறகு விமானம் ரத்தாகி மாட்டிக்கொண்டால் கூடுதல் இரவுச் செலவும் அமைப்பாளர் தலையில் விழாது.

திரும்பி வந்த வாரமே கிளெய்மை அனுப்பிவிடுங்கள். ரசீதுகளுக்கு எண் போட்டு, எந்த எண் எந்தச் செலவு என்று ஒரு பட்டியலும் வைத்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்குங்கள். முன்பு வாங்கிய அந்த "ஆம்" மின்னஞ்சல் முதல் பக்கமாக இருக்கட்டும். வங்கி விவரத்தில் கணக்கிலுள்ள பெயர், கணக்கு எண், நாடு தாண்டி வரும் பணத்துக்கு வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு ஆகியவை சரியாக இருக்க வேண்டும். அந்தக் குறியீடு எட்டு அல்லது பதினோரு எழுத்து இருக்கும். நாடு தாண்டி வரும் பணத்தில் இடையிலுள்ள வங்கிகளும் கட்டணம் பிடிக்கும். அனுப்பும் செலவு முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும்படி செய்ய முடியுமா என்று படிவத்தோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள், பணம் வந்தபின் கேட்டால் காலம் கடந்துவிடும்.

சொன்ன நாளில் வராவிட்டால் ஒருங்கிணைப்பாளரை நச்சரிக்க வேண்டாம். அவர் அடுத்த மாநாட்டு வேலையில் இருப்பார். கணக்குப் பிரிவுக்கே எழுதி, "என் கோப்பு யாரிடம் இருக்கிறது, என்ன காகிதம் குறைகிறது?" என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பல சமயம் கோப்பு யாரோ ஒருவரின் இரண்டாவது கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும், அவர் விடுப்பில் இருப்பார். எப்போது வருவார் என்று கேட்டு, அதற்கு மறுநாள் இன்னொரு முறை எழுதுங்கள்.