மெத்தைக்கு அடியில் பணம்

கேள்வி: நெருக்கடி வந்தால் தலைவர்கள் எல்லோரும் 'மக்கள் பீதியடைய வேண்டாம்' என்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயமே வருகிறது. எனக்கு மட்டும்தானா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முப்பது வருடம் பாங்கில் கேஷியராக இருந்தவன் நான். ஒருமுறை எங்கள் கிளையைப் பற்றி ஊரில் ஒரு புரளி. காலையில் இருபது பேர்தான் வந்து நின்றார்கள். மேனேஜர் வாசற்படியில் நின்று, "யாரும் பயப்படாதீங்க, உங்க பணம் பத்திரமா இருக்கு" என்றார். மதியத்துக்குள் வரிசை டீக்கடையைத் தாண்டிவிட்டது.

இதே வேலையை ஒழுங்காகச் செய்தவர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். 1933 மார்ச் 4-ல் அவர் பதவியேற்றபோது மாநிலம் மாநிலமாக பாங்குகள் மூடிக் கிடந்தன. இரண்டே நாளில் மிச்சத்தையும் மூடச் சொன்னார். அதற்குப் பெயர் 'பாங்க் விடுமுறை'! மூடியாச்சு என்றால் வயிறு கலங்கும். லீவு என்றால், திரும்பத் திறப்பார்கள் என்று மனசு தானே சொல்லிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மார்ச் 12, ஞாயிறு இரவு ரேடியோவில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை பாங்க் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அது கடனாகவும் பத்திரங்களாகவும் வெளியே இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து கேட்டால் கொடுக்க முடிவதில்லை என்று விளக்கினார். (கவுன்ட்டரில் இதை நாங்கள் வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டோம்.) எந்த ஊர் பாங்குகள் திங்கட்கிழமை திறக்கும், எவை செவ்வாய் என்று வரிசையாகச் சொன்னார். எல்லா பாங்கும் திறக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். கூடவே, மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட திறந்த பாங்கில் வைப்பது பத்திரம் என்றார். மறுநாள் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், பணத்தைப் போட.

வெறும் பேச்சு இல்லை, சரி. மார்ச் 9-லேயே சட்டம் போட்டு, தேவைக்கு நோட்டு அச்சடிக்கவும் வழி செய்திருந்தார். எங்கள் மேனேஜரிடம் அந்தச் சரக்கு ஏது?

கேள்வி: நம் நாட்டில் அப்படி ஒரு பேச்சு உண்டா? (வாசகி, தேனி)

பதில்: வேறு மாதிரி ஒன்று ஞாபகம் இருக்கிறது. 1975 ஜூன் 26 காலை, அவசரநிலை வந்துவிட்டதென்று வானொலியில் சொன்ன இந்திரா காந்தி, பீதியடைய ஒன்றுமில்லை என்றார். முந்தின ராத்திரிதான் டெல்லியில் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்ட அப்பா ரேடியோவை அணைத்தார். அடுக்களைப் பக்கம் திரும்பி, "அரிசி எவ்வளவு இருக்கு?" என்றார்.