காப்பீட்டு வாசகத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் குடும்ப மருத்துவப் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனராக (நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதித்தரும் உயர்பயிற்சி பெற்ற நர்ஸ்) இப்போதுதான் தேர்ச்சி பெற்றேன். முன்பதிவின்றி வருபவர்களுக்கு உடனடிச் சிகிச்சை தரும் ஓர் அர்ஜென்ட் கேர் கிளினிக், ஆள்சேர்ப்பு ஏஜென்சி மூலமாக நல்ல சம்பளத்துக்கு அழைக்கிறது. மத்திய அரசு நிதியில் இயங்கும் சமூக சுகாதார மையமும் அழைக்கிறது. அங்கே சம்பளம் குறைவு. எதில் சேரலாம்?

பதில்: முதல் வேலைக்குச் சம்பளம் அளவுகோல் அல்ல. சந்தேகம் வந்த நிமிடமே கேட்க மருத்துவர் இருக்கிறாரா, ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், பழகிக்கொள்ள எத்தனை வாரம் தருவார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். "அதெல்லாம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் நகர்ந்துவிடுங்கள்.

டெக்சாஸில் ஒரு மருத்துவருடன் எழுத்துபூர்வ உடன்பாடு இல்லாமல் நீங்கள் மருந்து எழுதித்தர முடியாது. பக்கத்து நியூ மெக்சிகோவில் இந்தக் கட்டாயம் இல்லை. அதே படிப்பு, அதே தேசியத் தேர்வு. மாநில எல்லையைக் கடந்ததும் திறமை கூடிவிடுமா? நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கான முதல் பயிற்சி கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கியது. இன்னும் இந்த மருத்துவர் கையெழுத்துப் பிரச்சினை தீரவில்லை. கையெழுத்திடும் மருத்துவர்களுக்குச் சட்டம் உண்டாக்கிய இந்தத் தட்டுப்பாட்டில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மருத்துவரின் பெயரைத் தருவார்கள். நோயாளி மூச்சுத் திணறிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த மருத்துவர் போனை எடுக்கமாட்டார். சேருவதற்கு முன் அவரிடம் நேரில் பேசாமல் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் காக்கும் மால்பிராக்டிஸ் காப்பீடு. ஒப்பந்தத்தில் "மால்பிராக்டிஸ் காப்பீட்டை நிறுவனம் வழங்கும்" என்று ஒற்றை வரி இருக்கும். அது 'கிளைம்ஸ் மேட்' வகையா என்று கேளுங்கள். அந்த வகையில், காப்பீடு நடப்பில் இருக்கும்போது வரும் புகாருக்குத்தான் பாதுகாப்பு. மார்ச்சில் நீங்கள் பார்த்த நோயாளி, ஜூனில் நீங்கள் விலகியபின் அடுத்த ஆண்டு வழக்குத் தொடர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். அதை ஈடுகட்டுவது, விலகியபின் வரும் புகார்களுக்கான 'டெயில் கவரேஜ்' என்ற கூடுதல் காப்பீடு. அதன் விலை பெரும்பாலும் ஓராண்டு பிரீமியத்தைவிட அதிகம். அதை யார் கட்டுவது என்று ஏஜென்சி வாயே திறக்காது. ஆள் சேர்ந்ததும் அதற்குக் கமிஷன் வந்துவிடும். நீங்கள் எப்படி விலகுகிறீர்கள் என்பது அதற்கு எதற்கு?

சமூக சுகாதார மையத்தில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற மையமென்றால், அதன் ஊழியர் மீதான வழக்கை மத்திய அரசே ஏற்கிறது, டெயில் தேவையில்லை. ஆனால் எல்லா மையங்களுக்கும் அந்த அங்கீகாரம் கிடையாது. அது நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மையத்தின் வேலைக்கு மட்டுமே பாதுகாப்பு. வார இறுதியில் வேறு கிளினிக்கில் பார்த்தால் அதற்கு இல்லை. முக்கியமாக, நீங்கள் மையத்தின் நேரடி ஊழியராக இருக்க வேண்டும். ஏஜென்சியின் ஆளாக அதே மையத்துக்குப் போய், அதே அறையில், அதே நோயாளிகளைப் பார்த்தாலும் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு வராது. நேரடியாகவே ஒப்பந்தமிட்டுப் பகுதி நேரம் பார்ப்பவர்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. குடும்ப மருத்துவம் பார்ப்பவர் என்பதால் அவை உங்களைப் பெரிதாகத் தடுக்காது.

என் யோசனை, மையத்தில் நேரடியாகச் சேருங்கள். அர்ஜென்ட் கேர்தான் வேண்டுமென்றால், டெயில் செலவு நிறுவனத்துடையது என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் தரும் உறுதிமொழி போதாது. கையெழுத்துக்கு முன் வேலை ஒப்பந்தங்கள் பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.